பத்தொன்பதாம் குழியின் மஞ்சள்

ஏழாவது கேள்விக்கு அர்ச்சனா பதில் சொல்வதற்கு முன்பே வைஜெயந்தி ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டாள்.

அன்று அது தப்பாகத் தோன்றவில்லை. சனிக்கிழமை காலை, பாகூரில் அவர்கள் வீட்டுக் கூடம். தம்பி மனைவி அர்ச்சனா பிளாஸ்டிக் நாற்காலியில் வலது கையை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி ஐந்து மாதம். பக்கத்தில் தரையில் அம்மா முத்துலட்சுமி கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். தம்பி தேவேந்திரன் பல் துலக்கியபடியே வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்தான்.

“யக்கா, எம் பொண்டாட்டி ரத்தத்த மொத்தமா உறிஞ்சிடாத. அப்பறம் எனக்கு யாரு சோறு கட்டிக் குடுக்கறது?”

“பத்து மில்லிடா. பாகூர் கொசு ஒரு வாரத்துல குடிக்கிற அளவுதான்.”

“கொசு ஃபாரம் எழுதி வாங்கிக்கினா குடிக்குது?”

அர்ச்சனா சிரித்தாள். வைஜெயந்தி அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் ஏழாவது கேள்வியைப் படித்தாள். தொடர்ந்து ஏதாவது மருந்து, மாத்திரை எடுத்துக்கொள்கிறீர்களா? படிக்கும்போதே பேனா கட்டத்துக்குப் போய்விட்டது. அம்மா கொத்தவரங்காயிலிருந்து தலையை எடுக்காமல், “எம் மருமவளுக்குத் தலவலி கூட வந்ததில்ல” என்றாள். அர்ச்சனா ஒரு நொடி கழித்து, “இல்லண்ணி” என்றாள்.

அந்த ஒரு நொடியை வைஜெயந்தி பின்னால் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். அது இருந்தது. அவள் காது அதைக் கேட்டது. கேட்டும் அடுத்த கேள்விக்குப் போனாள்.

அவள் ஒரு மருத்துவக் கல்லூரியின் புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் பதினொரு வருடமாக டெக்னீஷியன். அங்கே அவர்கள் அளந்துகொண்டிருந்தது கண்ணுக்குத் தெரியாத ஒன்றை. உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டிஎன்ஏ என்ற நீண்ட இழை, ஹிஸ்டோன் என்ற சின்னச் சின்ன உருண்டைகளின் மேல் சுற்றப்பட்டிருக்கிறது. சுற்று இறுகிக் கிடந்தால் அந்த இடத்தில் எழுதியிருப்பதைச் செல்லால் படிக்க முடியாது. ஹிஸ்டோனின் மேல் அசிட்டைல் என்ற குறி ஒட்டினால் சுற்று தளரும், படிக்க முடியும். சில புற்றுநோய்களில், செல் கண்டபடி பெருகாமல் தடுக்கும் பக்கங்களே இறுகி மூடிக்கொள்கின்றன. வலிப்புக்குக் கொடுக்கும் பழைய மாத்திரை ஒன்றுக்கு அந்தக் குறிகளை அழியாமல் நிறுத்திவைக்கும் குணம் உண்டு. அதைப் புற்றுநோய் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் மூடிய பக்கங்கள் திறக்குமா? நோயாளிகளின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, குறி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளப்பதுதான் வைஜெயந்தியின் வேலை.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத பெண்கள் இருபது பேர் வேண்டும். பதினேழு பேர்தான் கிடைத்திருந்தார்கள். ஆய்வை நடத்தும் டாக்டர் அரிகரன் தினமும் கேட்டார். படிவத்தை ஆஸ்பத்திரியில், தனி அறையில், ஆளைத் தனியாக வைத்துக்கொண்டு நிரப்ப வேண்டும் என்பது விதி. அந்த விதியைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே வைஜெயந்திதான். ஆனாலும் மூன்று படிவத்தைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஒன்று தெருக்கோடி வீட்டுக்கு, ஒன்று பக்கத்து வீட்டுக்கு, ஒன்று தன் வீட்டுக்கு. நம் வீட்டுப் பெண்ணிடம் என்ன ரகசியம் இருந்துவிடப் போகிறது என்று அவள் நினைத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. நினைக்கவே இல்லை.

அடுத்த வாரம் திங்கட்கிழமை அளந்தாள். உள்ளங்கை அகலத் தட்டில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். ஒவ்வொரு ஆளின் செல்லிலிருந்து பிரித்த ஹிஸ்டோனும் ஒவ்வொரு குழியில். கடைசியில் அமிலச் சொட்டு விட்டதும் குழிகள் மஞ்சளாகும். குறி அதிகமாக இருந்தால் அடர்ந்த மஞ்சள், குறைவாக இருந்தால் எலுமிச்சைச் சாற்றில் தண்ணீர் விட்ட மாதிரி. மாத்திரை சாப்பிடும் நோயாளிகளின் வரிசை பளீரென்று எழுந்தது. நோயில்லாதவர்களின் வரிசை, எதிர்பார்த்தபடி, வெளிறிக் கிடந்தது. அர்ச்சனாவின் பத்தொன்பதாம் எண்ணைத் தவிர. அது நோயாளிகளுக்குச் சமமாக மின்னியது.

டாக்டர் அரிகரன் கணினித் திரையைப் பார்த்தார். “இன்னா வைஜெயந்தி இது? பேஷண்ட் சாம்பிள இங்க விட்டுட்டியா?”

“இல்ல சார். நான் தனித்தனியாத்தான்…”

“தனித்தனியான்னா இது எப்படி வரும்? கண்ணாடி மாத்தணும்போல ஒனக்கு. எடுத்துப் போடு அந்த நம்பர. வேற ஆளப் பாரு.”

கூட இருந்த மாணவிகள் இரண்டு பேர் திரையையே பார்த்தார்கள். பதினொரு வருடத்தில் சாம்பிள் கை மாறிப் போனது என்று ஒருவரும் அவளைச் சொன்னதில்லை. அவளிடம் பெருமைப்பட்டுக்கொள்ள வேறு எதுவும் பெரிதாக இல்லை. முப்பத்தாறு வயது. பார்த்த இரண்டு வரன்களும் பேச்சோடு நின்றன. மூன்றாவதை அம்மா தேடவில்லை. கை சுத்தம் என்ற பெயர் ஒன்றுதான் அவளுடையது.

செவ்வாய்க்கிழமை, உறையவைத்திருந்த மீதிச் செல்களிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். புது ஊசிமுனைகள், புதுக் குழாய்கள். பத்தொன்பதை மற்றவற்றைத் தொடுவதற்கு முன்பே எடுத்துவைத்தாள். மூன்று குழியில் போட்டாள். மூன்றும் அடர்ந்த மஞ்சள்.

தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். இந்த அறையில் வெள்ளணுக்களில் குறியை இப்படி ஏற்றுகிற பொருள் ஒன்றுதான் உண்டு. அதைத்தான் இரண்டு வருடமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அர்ச்சனா வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறாள்.

முதலில் என்ன வந்தது என்று வைஜெயந்தி பின்னால் தன்னையே நெருக்கிக் கேட்டிருக்கிறாள். ஐயோ பாவம் என்று வந்ததா? நம்மிடம் மறைத்துவிட்டாளே என்று கோபமாவது வந்ததா? இல்லை. என் கை தப்புச் செய்யவில்லை. அதுதான் முதலில் வந்தது. அது கிட்டத்தட்ட சந்தோஷம்.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது பிடித்துக்கொண்டாள். அம்மா கீழே டிவி முன்னால். தேவேந்திரன் வேலையிலிருந்து வரவில்லை.

“அர்ச்சனா, நீ வலிப்புக்கு மாத்திரை போடுறியா?”

அர்ச்சனா கையிலிருந்த வேட்டியை மடிப்பதை நிறுத்தவில்லை. நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள். மடிக்க இனி இடமில்லை என்றானதும் அதை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பொட்டிய பாத்தீங்களா அண்ணி?”

“பொட்டியெல்லாம் பாக்கல. ஒன் ரத்தத்துல தெரியுது.”

“ரத்தத்துல தெரியுமா?” அவள் முகத்தில் திருடு பிடிபட்ட கலவரத்தை விட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. பிறகு சொல்ல ஆரம்பித்தாள். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தில் முதல் தடவை விழுந்தாள். இரண்டு வருடம் போல வந்தது. மாத்திரைக்குப் பின் ஐந்து வருடமாக ஒருமுறைகூட இல்லை. அப்பா பலராமன்தான் பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டு வந்து மாதாமாதம் கொடுக்கிறார். நாப்கின் பாக்கெட்டுக்குள் ஒளித்துவைப்பாள். அங்கே யாரும் கைவிட மாட்டார்கள். “சொல்லிடலாம்னுதான் நெனச்சேன். அப்பா காலப் புடிச்சிக்காத கொறை. சொன்னா எவன் கட்டுவான்னாரு. ஒங்க தம்பிகிட்ட சொல்லிடாதீங்க அண்ணி.”

“சொல்லமாட்டேன். ஆனா நீ கேட்டுக்கோ. இந்த மாத்திரை வயித்துல இருக்கிற கொழந்தைக்கு ஆவாது. மூளை, முதுகெலும்பெல்லாம் பாதிக்கும். டாக்டரு யாரும் ஒனக்குச் சொல்லலியா?”

“டாக்டரப் பாத்தே நாலு வருசமாச்சி.” அர்ச்சனாவின் குரல் இறங்கிப்போனது. “எனக்கு நாள் தள்ளிப் போயிருக்குதண்ணி. ஒம்போது நாளு.”

அப்போதுதான் வைஜெயந்தியின் போன் அடித்தது. டாக்டர் அரிகரன். வெள்ளிக்கிழமைக்குள் மொத்த அறிக்கையும் வேண்டும், வெளியூரிலிருந்து குழு வருகிறது என்றார். அவள் மாடி மூலைக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்தாள்.

“இந்த வாரம் எனக்கு மூச்சு வுட நேரமில்ல. திங்கக்கெழமை நானே ஒன்ன நரம்பு டாக்டருகிட்ட கூட்டிக்கினு போறேன். வேற மாத்திரை குடுப்பாங்க. பயப்படாத. நான் இருக்கேன்.”

அவள் எல்லாம் சொன்னாள். அதுவரைக்கும் மாத்திரையை நிறுத்திவிடாதே, திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்ற ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரியாதது இல்லை. ஆய்வில் சேர்கிற ஒவ்வொரு நோயாளிக்கும் அவள் வாசித்துக் காட்டுகிற தாளில் மூன்றாவது வரியாக அச்சடித்திருப்பது.

மறுநாள் புதன்கிழமை, ஆய்வுக்கூடத்தில் நுழைந்ததும் பையைக்கூட வைக்காமல் டாக்டரிடம் போனாள்.

“சார், பத்தொம்போது தப்பில்ல. அந்தப் பொண்ணு அதே மாத்திரை போடுது. மறைச்சிட்டா.”

பெயர் சொல்லவில்லை. ஆனால் யார் வீட்டிலிருந்து அந்த ரத்தம் வந்தது என்று அவருக்குத் தெரியும். அவர் நாற்காலியைத் திருப்பி அவளை முழுசாகப் பார்த்தார். “அப்படியா! பாத்தியா, ஆளு சொல்லலன்னாலும் நம்ம டெஸ்டு சொல்லுது. இதவிட இன்னா ப்ரூஃப் வேணும்?” கேன்டீனுக்குச் சொல்லி அனைவருக்கும் டீ வரவழைத்தார். “வைஜெயந்தி கை பொய் சொல்லாதுன்னு எனக்குத் தெரியும்” என்றார். திங்கட்கிழமை திரையைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவிகள் இப்போது அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். டீ சூடாக, இஞ்சி போட்டு இருந்தது. அவள் இரண்டு கப் குடித்தாள்.

அந்நேரம் அர்ச்சனா மாத்திரை போடாமல் ஒரு ராத்திரியும் ஒரு காலையும் போயிருந்தன.

வெள்ளிக்கிழமை காலை, தெருக்குழாயடியில் விழுந்தாள். ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு நின்றிருந்த நேரம். வைஜெயந்தி அறிக்கையை அச்சடித்துக்கொண்டிருந்தாள். பைக்குள் கிடந்த போனில் பதினான்கு அழைப்புகள். பாகூர் கிளினிக்குக்கு அவள் வந்து சேர்ந்தபோது அர்ச்சனா கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தாள். கீழுதடு பல்லில் கிழிந்து வீங்கியிருந்தது. முழங்கையில் சிமெண்டுத் தரை உரசிய காயம். வலது உள்ளங்கையில் இரும்புத் துரு. யாரோ ஓடிப்போய்க் கதிரரிவாளைக் கொண்டுவந்து கைக்குள் திணித்திருக்கிறார்கள்.

டாக்டரம்மா கேட்டாள். “மாத்திரை வுட்டியா?”

“மூணு நாளா போடல.”

“யாரு நிறுத்தச் சொன்னது?”

அர்ச்சனா கண்ணைத் திறந்தாள். கட்டில் காலடியில் நின்ற வைஜெயந்தியின் மேல் அந்தப் பார்வை வந்து தங்கியது. “நானேதான்” என்றாள்.

பரிசோதித்ததில் கர்ப்பம் இல்லை. நாள் சும்மா தள்ளிப்போயிருந்தது. இல்லாத குழந்தைக்காக அவள் மூன்று நாள் மாத்திரையை விட்டிருந்தாள்.

மாத்திரை என்ற சொல்லை அம்மா பிடித்துக்கொண்டாள். “அப்ப முன்னாடியே கீது நோவு. தெரிஞ்சே நம்ம தலையில கட்டிட்டானுங்க. ஏமாத்திட்டாங்களேடா தேவா!” பிறகு மகள் பக்கம் திரும்பினாள். “நீதான போய் விசாரிச்சிட்டு வந்த? தங்கமான பொண்ணு, நாலு பேரக் கேட்டுட்டேன்னு சொன்னியே. ஆஸ்பத்திரில வேல செய்யறவ, ஒனக்குக் கூடவா தெரியல?”

“தெரியலம்மா” என்றாள் வைஜெயந்தி.

அந்த ஒரு சொல் எவ்வளவு எளிதாக வந்தது! மாலையில் பலராமன் கார் எடுத்துக்கொண்டு வந்தார். யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, சண்டைக்கும் நிற்கவில்லை. “பொண்ண அனுப்புங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தானே தூக்கினார். தேவேந்திரன் சுவரைப் பார்த்து நின்றான். அர்ச்சனா காரில் ஏறும்வரை, அண்ணிக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவாள் என்று வைஜெயந்தி பயந்துகொண்டே இருந்தாள். அவள் சொல்லவில்லை.

மூன்று வாரம் போனது. அம்மா தினமும் ஒருமுறை ஏமாந்த கதையைத் தெருவில் யாரிடமாவது சொன்னாள். தேவேந்திரன் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தான்.

“சுகர் வந்தா ஊசி போட்டுக்கினு ஒன்னா இருக்கறதில்ல? இதுவும் அப்படித்தான. நான் அவள கூட்டியாரப் போறேன். மறைச்சானே அவங்கப்பன், அந்தாளு மூஞ்சில மட்டும் முழிக்க மாட்டேன். நீ வா யக்கா. நீ பேசினா கேப்பா.”

“நானா?”

“ஒன்மேல அவளுக்கு மரியாதடி” என்றான். கோபமும் பாசமும் ஒன்றாக வரும்போது அவன் அக்காவை ‘டி’ போடுவான்.

திருவாண்டார்கோயிலைத் தாண்டி உள்ளே போகும் மண்சாலை. இரண்டு பக்கமும் கரும்பு. பலராமன் வீட்டுக்கு நூறடி முன்னாலேயே தேவேந்திரன் வண்டியை நிறுத்திவிட்டான். வைஜெயந்தி மட்டும் நடந்தாள்.

அர்ச்சனா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். உதட்டில் காயம் ஆறி, ஒரு சின்னக் கோடு மிச்சம். பலராமன் வந்தவளைப் பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார்.

“வாங்கண்ணி. டாக்டர மாத்தியாச்சி. மாத்திரையும் மாத்திட்டாங்க. மெதுமெதுவா மாத்தணுமாம். ஒடனே நிறுத்தறதுதான் தப்பாம்.” குரலில் குத்தல் இல்லை. செய்தி சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் குத்தியது.

“நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும் அர்ச்சனா.”

“நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னதும் அதான் முழுசும்னு நெனச்சிட்டேன்.”

“கிளினிக்ல ஏன் நீ எம்பேர சொல்லல?”

“அந்த வூட்ல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருந்துச்சில்ல. கல்யாணம் ஆனதுலேந்து அந்த மூணு ராத்திரிதான் நான் நல்லாத் தூங்கினேன் அண்ணி. அதுக்காவத்தான்.”

வைஜெயந்திக்கு அங்கேயே எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை. புதன்கிழமையைச் சொன்னாள். தன் கை சுத்தம் என்று காட்டிக்கொள்ள டாக்டரிடம் ஓடியதைச் சொன்னாள். டீ வந்ததைச் சொன்னாள். இரண்டு கப் என்பதையும் சொன்னாள்.

“நல்லா இருந்துச்சா டீ?” என்றாள் அர்ச்சனா.

வெளியே கரும்பு லாரி ஒன்று கியர் மாற்றிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அது முழுதாக அடங்கியபின் வைஜெயந்தி, “தேவா வந்திருக்கான். ரோட்ல நிக்கறான். ஒன்ன கூட்டிக்கினு போகணுமாம்” என்றாள்.

“தெரியும். வண்டி சத்தம் கேட்டுச்சி.” அர்ச்சனா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். “வரலண்ணி. அஞ்சு மாசம் ஒரு மாத்திரை முழுங்க பாத்ரூம் கதவ சாத்துவேன். அட்டைய பிரிக்கிற சத்தம் வெளில கேக்கக் கூடாதுன்னு கொழாய தொறந்து வுடுவேன். இப்ப இந்தக் கூடத்துல, இதே எடத்துல உக்காந்து போடறேன். அப்பா தண்ணி மொண்டு குடுக்கறாரு. திரும்பியும் என்னால கொழாய தொறந்து வுட முடியாது.”

“இனிமே யாருக்கும் மறைக்க வேணாமே.”

“அத்தை மறக்க வுடுவாங்களா?” என்றவள், “ஒங்களுக்கு முன்னாடியே தெரியும்னு அவருக்கு நீங்க சொல்லிட்டீங்களா?” என்று கேட்டாள்.

வைஜெயந்தி தலையை ஆட்டினாள். இல்லை.

“அவரு தெரியாம வந்து கூப்புடறாரு. நான் எப்படி வருவேன்?”

திரும்பி நடந்த நூறடியும் நீண்டுகொண்டே போனது. தேவேந்திரன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் வண்டியில் சாய்ந்து நின்றான். அவளுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தான்.

“வராளா?”

“வரல.”

“அம்மா பேசினதுக்கா? அத நான் பாத்துக்கறேன்னு சொன்னியா?”

“அம்மா இல்லடா. நான்.”

அவள் சொல்ல ஆரம்பித்தாள். மஞ்சள் குழியை, மொட்டை மாடியை, திங்கட்கிழமைக்குத் தள்ளியதை, சொல்லாமல் விட்ட ஒரு வரியை, டீயை. பாதியில் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் கரும்பைப் பார்த்துச் சொன்னாள். முடிந்தபின்தான் கேட்டான்.

“விழுறதுக்கு மூணு நாள் முன்னாடியே ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அந்த மூணு நாளும் நான் வூட்லதான யக்கா இருந்தேன். நைட்டு ஷிப்டு கூட கெடையாது. அவ பக்கத்துலதான படுத்திருந்தேன்.”

திட்டுவான் என்று நின்றாள். அவன் திட்டவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியின் கண்ணாடியில் மாட்டினான். தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு, எந்த மனிதர் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றானோ அவருடைய வீட்டை நோக்கி நடந்தான். வைஜெயந்தி இரண்டு எட்டு பின்னாலேயே போனாள். அவன் திரும்பாமல் கையை மட்டும் பின்னுக்குக் காட்டினான். நின்றுவிட்டாள்.

கொல்லையிலிருந்து வந்த பலராமன் வாசலில் அவனைப் பார்த்தார். பிறகு பலராமன் ஒதுங்கி வழிவிட, தேவேந்திரன் உள்ளே போனான். அவன் பேச்சும் கேட்கவில்லை, அவள் பேச்சும் கேட்கவில்லை. பலராமன் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தார். வெயிலில் நின்ற வைஜெயந்தியை அவர் பார்த்தார். வா என்று கூப்பிடவில்லை.